சாவடிக்கு ஆயிரம் வயது வேண்டாம்

போன மாதம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஊர்ச் சாவடியைப் பழுது பார்க்கப் போகிறார்களாம். வாசலில் பதிக்கும் கல்லுக்கு நாலு வரி வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம்தான். "ஆதாரம் என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"ஆதாரம் எதுக்கு சார்? ராஜராஜ சோழன் காலம்னு போட்டுடுங்க. ஆயிரம் வருஷம்னாதான் மதிப்பு" என்றான் ஒருவன்.

நான் எழுதித் தரவில்லை. ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு இவ்வளவு வீம்பா என்று தெருவில் பேச்சு. அந்தப் பேச்சுக்குத்தான் இந்தப் பதில்.

அந்தச் சாவடியை அறுபது வருஷத்துக்கு மேலாகப் பார்த்து வருகிறேன். மரத்தூண், நாட்டு ஓடு, சுண்ணாம்புச் சுவர். நம் உப்புக் காற்றில் இப்படிப்பட்ட கட்டடம் ஆயிரம் வருஷம் நிற்காது என்று எந்தக் கொத்தனாரும் சொல்வார். நூற்றைம்பது வருஷமென்றால் மட்டும் என்ன குறைச்சல்? யாரோ ஒருவர் தன் கைக்காசைப் போட்டு, வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கட்டும் என்று கட்டியிருக்கிறார். அங்கே ராஜராஜனைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் அந்த மனிதரின் பெயர் நிரந்தரமாகப் போய்விடும். கேட்க ஆளில்லாத தர்மவானுக்கு நாம் செய்யும் துரோகம் அது.

சாவடி என்றால் சின்ன விஷயமும் இல்லை. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் நம்மவர் வழக்குகளை விசாரித்த நீதிமன்றத்துக்குச் சாவடி என்றுதான் பெயர். அதையே தங்கள் வாய்க்கு வந்தபடி 'ஷோத்ரி' ஆக்கிக்கொண்டார்கள். அங்கே 1766 முதல் 1817 வரை சொன்ன தீர்ப்புகள் புத்தகமாகவே அச்சில் வந்திருக்கின்றன. ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் கட்டிய முத்தாம்பாள் சத்திரத்தைப் பற்றி இன்று விவரமாகப் பேச முடிகிறதென்றால், தஞ்சை அரண்மனையின் மோடி எழுத்துக் காகிதங்கள் பிழைத்திருப்பதே காரணம். காகிதம் இருந்தால் கட்டடம் பேசும். இல்லாவிட்டால் நாம் பேசுவதுதான் கதை.

அந்தக் கதையால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. சத்திரம், சாவடி கட்டியவர்கள் பலர் அதன் செலவுக்கு நிலமும் எழுதிவைத்தார்கள். எந்த நிலம், எல்லை எது என்பது மறந்த மறுநாளே அது வேறொருவர் கைக்குப் போய்விடும். எங்கள் சாவடியை ஒட்டிய வேலியே வருஷத்துக்கு ஒரு முழம் நகர்ந்து வருகிறது. நாளைக்கு வழக்கு என்று வந்தால் ராஜராஜன் வந்து சாட்சி சொல்வாரா? பத்திரம்தான் சொல்லும்.

அந்தப் பத்திரம் எங்கே இருக்கும்? 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. நடுவில் சில காலம் ஆங்கிலேயரிடம் இருந்தது போக, 1954 நவம்பர் 1 வரை அவர்கள் ஆட்சிதான். ஆகவே நம் ஊர் விவகாரம் பாதி பிரெஞ்சில் கிடக்கிறது. நொத்தேர் எழுதிய பத்திரங்கள், மேரியின் பதிவேடுகள் எல்லாம் அந்த மொழிதான். 1954-ல் பத்து வயதுப் பிள்ளைக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது. அந்தக் காலத்துப் பள்ளியில் பிரெஞ்சு படித்தவர்களை இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் திண்ணையில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம்தான் போய்க் கேட்பதில்லை.

நான் கேட்டேன். தெரிந்த வீட்டுப் பரணிலிருந்த தகரப்பெட்டியில் ஒரு பழைய பத்திரம் கிடைத்தது. அடுத்த தெருப் பெரியவர் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துச் சொன்னார். அது அவர்கள் மனைக்கட்டுப் பத்திரம். ஆனால் எல்லை சொல்லும் இடத்தில் "கிழக்கே ஊர்ச் சாவடி" என்று பொருள்படும் ஒரு வரி. தேதி என் கொள்ளுத்தாத்தா காலத்தது. அன்றைக்கே அது நின்றது, ஊருக்குப் பொதுவாக நின்றது என்பதற்கு எனக்கு அந்த ஒரு வரி போதும். ஆயிரம் வருஷப் பொய்யைவிட அதற்குக் கனம் அதிகம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கசக்கும். வரலாறு எழுதினால் முழுதாக எழுத வேண்டும். அந்தச் சாவடியில் எங்கள் அப்பாயி ஒருநாளும் ஏறி உட்கார்ந்ததில்லை. தெற்குத் தெருக்காரர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் நின்றுதான் பஞ்சாயத்துக் கேட்டார்கள். "ஊர்ப் பொது" என்ற சொல்லுக்குள் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதையும் எழுதாவிட்டால் அது வரலாறு இல்லை, பெருமை பீற்றல்.

"இதற்கெல்லாம் நேரமில்லை, மழைக்கு முன் வேலை முடியணும்" என்கிறார்கள். புதுச்சேரியில் 1870-களின் தொடக்கத்திலிருந்து நின்ற மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதைப் பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். பழைய தோற்றம் எது என்று காட்டப் படங்கள் இருந்ததால் அது முடிந்தது. நம் சாவடிக்கு ஒரு படம் உண்டா? கையில் ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நாலு பக்கமும் படம் எடுங்கள். டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். தூணிலும் படிக்கல்லிலும் எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெயிண்ட் அடியுங்கள், டைல்ஸ் ஒட்டுங்கள். வயதானவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள்.

கல்லில் எழுத இன்றைக்கும் நான் தயார். "இச்சாவடி நம் முன்னோர் காலத்துப் பத்திரத்தில் எல்லையாகக் குறிக்கப்பட்டுள்ளது. கட்டியவர் பெயரைத் தேடி வருகிறோம்." இரண்டே வரி. மூன்றாவது வரிக்கு இடம் விட்டுவையுங்கள். அந்தப் பெயர் உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது இருக்கலாம். கரையான் முந்திக்கொள்வதற்குள் பெட்டியை இறக்கிப் பாருங்கள்.