வெறும் தானியம் போட்ட காடை வேணுமா?

சென்னையில இருந்து காடைக்கு போன் பண்றவங்க பலர் விலையைக் கேக்கறதுக்கு முன்னாடியே இதைத்தான் கேக்கறாங்க: "கம்பெனித் தீவனம் போடலையே? வெறும் தானியம்தானே?" ஆமான்னு சொன்னா கூடுதலா காசு குடுக்கத் தயாரா இருக்காங்க. நான் சொல்றதில்ல. அதனால போனை வெச்சவங்களும் உண்டு.

எங்க உத்திரமேரூர் பக்கம் நெல்லு விளையற மண்ணு. ரைஸ்மில்லுல நொய்யும் தவிடும் சல்லிசா கிடைக்கும். அதை மட்டுமே போட்டு வளர்த்தா எனக்குச் செலவும் குறைவு, உங்களுக்கு 'இயற்கை'ங்கற திருப்தி. கெட்டுப்போறது காடைதான்.

நொய்யில எரிசக்தி நிறைய, புரதம் 100க்கு 8 அளவுதான். வளர்ற காடைக்கு 24 சதவீதம் புரதம் வேணும், முட்டை இடுறதுக்கு 20. கிலோ தீவனத்துக்கு 2,900 கிலோ கலோரி எரிசக்தி. அமெரிக்காவுல 1994ல போட்ட இந்தக் கணக்கைத்தான் இன்னிக்கும் பலரும் எடுத்துக்கறாங்க. காடை பெரும்பாலும் தன் எரிசக்தித் தேவை தீர்ற வரைக்கும்தான் தின்னும். நொய்யிலயே அது தீர்ந்துட்டா வாயை எடுத்துடும். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பாக்கி நின்னுடும். முட்டை ஓடு மெலிசாகும்.

மிச்ச எரிசக்தி எங்க போகும்? பறவைக்குக் கொழுப்பு உற்பத்தி ஆகறது பெரும்பாலும் ஈரல்லதான். அங்கிருந்து ட்ரைகிளிசரைடா ரத்தத்துல ஏறும், வயித்துல படியும், ஈரல்லயே தங்கியும் போகும். சர்க்கரையைப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. பறவைக்கு 200க்கு மேல இருக்கறது சகஜம், நமக்கு இருந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். முட்டை இடுற பெட்டைக்கு மஞ்சக்கரு உருவாகணும், அதனால ரத்தத்துல கொழுப்பு இயல்பாவே பல மடங்கு இருக்கும். பெட்டையைப் பெட்டையோடதான் ஒப்பிடணும்.

தவிட்டை மட்டும் கொட்டினா நேர் எதிர். நார் அதிகம், எரிசக்தி போதாது. சின்ன வயிறு, எவ்வளவுதான் தின்னும்? கடைசியில புரதத்தையே எரிச்சு உயிரை ஓட்டும். அந்தக் கழிவு யூரிக் அமிலமா ரத்தத்துல கூடும். எச்சத்துல வெள்ளையாத் தெரியுதே, அதுதான்.

பக்கத்து ஊர்ல ஒருத்தர் 'தானியக் காடை'ன்னு போர்டு வெச்சு வித்தார். அறுக்கும்போது நின்னு பாத்தேன். வயித்தைச் சுத்தி மஞ்சளாக் கொழுப்பு, ஈரல் வெளுத்து, விரல் பட்டா உடையுது. வாங்கினவங்க "நல்ல சதைப்பத்து"ன்னு சந்தோஷமா போனாங்க.

காட்டுக் காடை தானியம்தானே தின்னுதுன்னு கேப்பீங்க. அது எறும்பு, கரையான், வெட்டுக்கிளின்னு பொறுக்கித் தின்னும், அதெல்லாம் புரதம். நாங்க வளர்க்கறது 1974ல இசத்நகர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த ஜப்பானியக் காடை வழி. 5, 6 வாரத்துல கறிக்குப் போகுது, 7 வாரத்துல முட்டை வைக்குது. அந்த வேகத்துக்கு சோயா புண்ணாக்கோ கருவாட்டுத் தூளோ சேராம முடியாது.

முட்டையில கொலஸ்ட்ரால் குறையும்னு தானியக் காடை தேடறவங்களுக்கும் ஒண்ணு. 10 கிராம் முட்டையில சுமார் 75 மில்லிகிராம் இருக்கும். தீவனத்தை மாத்தி அதைப் பெரிசா குறைக்க முடியாது.

எனக்கு அரசாங்கத்துக்கிட்ட ஒரு கோரிக்கை உண்டு. நாமக்கல் கால்நடைக் கல்லூரியில தீவனத்தைப் பரிசோதிக்க ஆய்வுக்கூடம் இருக்கு. தீவனக் கலவையை மாத்தும்போது ஒரு கூண்டுல நாலஞ்சு காடைக்கு ரத்தம் எடுத்துப் பாக்கற வசதியும் தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் வரணும். ஈரல் கெட்டது அறுத்த பிறகு தெரிஞ்சு என்ன பண்றது?

நீங்க அடுத்த தடவை போன் பண்ணும்போது புரதம் எவ்வளவு, எரிசக்தி எவ்வளவுன்னு கேளுங்க. மூட்டையில தைச்சிருக்கற சீட்டைப் படம் எடுத்து அனுப்பறேன்.