குவாய் ஆற்றங்கரையில் உலோகத் தேடல்: நம்மவர்களின் கடைசித் தடயம் யார் பைக்குள் போகிறது?

பள்ளி விடுமுறையில் காஞ்சனபுரிக்குச் சுற்றுலா போய்வந்த என் சித்தப்பா, துருப்பிடித்த தண்டவாள ஆணி ஒன்றை வாங்கி வந்திருந்தார். சயாம் மரண ரயில் பாதையில் எடுத்தது என்று சொல்லி விற்றார்களாம். அதை வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். பாட்டி கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த எடத்துல எடுத்தாங்களாம்?" என்று கேட்டார். சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. விற்றவருக்கும் தெரிந்திருக்காது.

பாட்டி அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவருடைய பெரியப்பா பேராக் தோட்டம் ஒன்றிலிருந்து ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் போனவர். திரும்பி வரவில்லை. எங்கே இறந்தார், எந்த முகாம், எந்த ஆற்றங்கரை என்று இன்றுவரை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. இதைப் படிக்கும் பலர் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார்.

அந்த ஆணியைப் பார்த்த பிறகு யூடியூப்பில் தேடினேன். மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகம் கண்டறியும் கருவியோடு பழைய பாலங்களின் அடியிலும் படகுத்துறைகளிலும் நடப்பவர்களின் காணொளிகள் கணக்கில்லாமல் கிடக்கின்றன. இங்கிலாந்து, அமெரிக்கா, இந்தோனேசியா, தாய்லாந்து என்று ஊர் மாறினாலும் முறை ஒன்றுதான். கருவி 'பீப்' என்கிறது, சின்ன மண்வெட்டி இறங்குகிறது, சேறு படிந்த காசு ஒன்று உள்ளங்கையில் மின்னுகிறது. நம் நாட்டிலும் இந்தக் கருவி இணையச் சந்தையில் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கிறது.

ஆற்றுத்துறையைத் தேர்ந்தெடுப்பதில் விவரம் இருக்கிறது. பாலம் வருவதற்கு முன் எல்லோரும் ஒரே இடத்தில்தான் ஆற்றைக் கடந்தார்கள். படகில் ஏறும்போதும் இறங்கும்போதும், வேட்டியை மடித்துக் கட்டும்போதும் இடுப்பு முடிச்சிலிருந்து காசு விழும். விழுந்தது சேற்றில் புதையும். சாதாரணக் கருவி ஒன்று காசு அளவுப் பொருளை ஏறக்குறைய ஓர் அடி ஆழம் வரை காட்டிக்கொடுக்கும். பல தலைமுறை அங்கே தவறவிட்டதை ஒரே நாளில் பொறுக்கிவிடலாம்.

பொழுதுபோக்குதானே என்று விட்டுவிட முடியவில்லை. சயாம் பாதை முழுக்க முழுக்க ஆற்றுத்துறைகளின் பாதை. தாய்லாந்தின் நோங் பிளாடுக் தொடங்கி பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 600-க்கும் மேற்பட்ட பாலங்கள். பெரும்பகுதி குவாய் நோய் ஆற்றை ஒட்டியே போகிறது. தாய்லாந்து மொழியில் 'நோய்' என்றால் 'சின்ன' என்று பொருள். ஆனால் 1943-இல் காலரா அந்தக் கரை முகாம்களை வாரிக்கொண்டு போனதைப் படித்த தமிழனுக்கு அந்தப் பெயர் வேறு மாதிரிதான் காதில் விழும். முகாம்கள் பலவும் ஆற்றங்கரையில்தான் இருந்தன. அரிசி வந்தது பெரும்பாலும் ஆற்று வழியாகத்தான்.

அங்கே இறந்த இரு தரப்பினருக்குப் போருக்குப் பின் நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

1945 செப்டம்பரில், போர் முடிந்த சில வாரங்களிலேயே, நேசப்படைகளின் கல்லறைத் தேடும் குழு ஒன்று அந்தப் பாதை நெடுகப் பயணம் செய்தது. 144 இடுகாடுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளையும் கண்டுபிடித்தது. கைதிகளாக இருந்த படைவீரர்கள், செத்தவர் பெயர், எண், புதைத்த இடம் ஆகியவற்றை ரகசியமாக எழுதி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. இன்று காஞ்சனபுரி நகரின் நடுவே வெட்டிவிட்ட புல்வெளியில் ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள், பெயர்ப் பலகையோடு.

மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளர்கள் 70,000-க்கும் மேல். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். அவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அவர்களுக்கு யார் பட்டியல் எழுதினார்கள்? குடும்பத்தோடு போனவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்தறிவே இல்லை. கங்காணியும் கிராணியும் கையில் வைத்திருந்த பேரேடு காட்டோடு போனது. 1990 நவம்பரில் காஞ்சனபுரிக் கரும்புத் தோட்டத்தில் ஒரு பெரும் புதைகுழி தென்பட்டு நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தபோது, அவர்கள் ஆசியத் தொழிலாளர்கள் என்று சொல்ல முடிந்ததே தவிர, ஒருவருக்குக்கூடப் பெயர் சொல்ல முடியவில்லை. 2024-இல் அங்கே தமிழர்களுக்காக நடுகல் நாட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தக் கல்லில் எழுதப் பெயர்கள் இல்லை.

பெயரில்லாத அந்த மனிதர்கள் அங்கே இருந்ததற்கு மண்ணில் என்ன சாட்சி இருக்க முடியும்? ஜப்பான்காரன் கொடுத்த வாழைமர நோட்டு காகிதம். அது அடுத்த மழைக்கே கரைந்திருக்கும், கருவியும் காகிதத்துக்குக் குரல் கொடுக்காது. துணி, மரம், பாய் எதுவும் மிஞ்சாது. மிஞ்சக்கூடியது உலோகம் மட்டும்தான். தாயத்துக் கூடு. குழந்தையின் வெள்ளி அரைஞாண். பித்தளைச் செம்பு. காதில் கிடந்த கடுக்கன். அப்புறம், வயதானவர்கள் இன்றும் மறக்காத அந்தச் சதுர ஒரு காசு.

1939 முதல் 1941 வரை ஆண்டு பொறித்த, ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட அந்தச் செம்பு நிறக் காசில் 'மலாயா' என்ற பெயர் தெளிவாக இருக்கும். காசு பழகிய யாரிடம் கேட்டாலும் விலை பெரிதாக ஒன்றும் இல்லை என்பார்கள். ஆனால் குவாய் நோய் கரையில், பெயர் தெரியாத ஒரு துறையில், ஓர் அடி ஆழத்தில் அது கிடைத்தால்? மலாயாவிலிருந்து வந்த ஒருவர் அங்கே நின்றிருக்கிறார் என்று சொல்ல அது போதும். நான்கைந்து காசும் ஒரு தாயத்தும் ஒரே இடத்தில் கிடைத்தால், எந்த வரைபடத்திலும் இல்லாத தமிழர் முகாம் ஒன்று அங்கே இருந்திருக்கலாம் என்று தேடத் தொடங்கலாம். வெள்ளைக்காரச் சிப்பாயின் சாப்பாட்டுத் தகரத்தில் பெயரும் எண்ணும் கீறியிருக்கும். நம்மவருக்கு அந்தக் காசுதான் அடையாள அட்டை.

அதே காசை ஒருவர் தோண்டி எடுத்துப் பைக்குள் போட்டு, அடுத்த வாரம் இணையத்தில் விற்றுவிட்டால், அது வெறும் பழங்காசு. கோலாலம்பூர் பழம்பொருள் கடைத் தட்டில் கிடக்கும் நூறு காசுகளோடு நூற்றியொன்று. பாட்டி கேட்ட கேள்விக்கு இடமே இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? தாய்லாந்தின் 1961-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, மண்ணில் புதைந்து உரிமையாளர் இல்லாமல் கிடக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். எடுத்தவர் முறையாக ஒப்படைத்தால் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு சன்மானம் உண்டு. நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. மரபுச் சின்னமாகத் தோன்றும் பொருள் கிடைத்தால் மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் அத்தகைய பொருளைத் தேடித் தோண்டக் கூடாது. மலாக்கா ஆற்றங்கரையில் நடந்தாலும், ஜொகூர் ஆற்றில் இறங்கினாலும், பூஜாங் பள்ளத்தாக்கில் மெர்போக் ஆற்றோரம் போனாலும் இதுதான் சட்டம். ஆனால் சதுரக் காசையோ துருப்பிடித்த ஆணியையோ யாரும் தொல்பொருளாக நினைப்பதில்லை. தங்கம் கிடைத்தால்தான் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பதே பொது எண்ணம்.

கருவி வைத்திருப்பவர்கள் எல்லோரும் திருடர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆஸ்திரேலியரான ரோட் பீட்டி பல ஆண்டுகள் அந்தப் பாதையைக் காலால் நடந்து அளந்து, காடு மூடிய இடங்களைத் துப்புரவாக்கி, வரைபடமாக்கினார். 2003-இல் காஞ்சனபுரியில் அவர் தொடங்கிய ரயில் பாதை நிலையத்துக்குப் போய்த்தான் பல குடும்பங்கள் தங்கள் தாத்தா எந்த முகாமில் இருந்தார் என்று தெரிந்துகொள்கின்றன. பெரும்பாலும் வெள்ளைக்காரக் குடும்பங்கள். கண்டெடுத்த பொருளை எடுத்த இடத்தோடு சேர்த்துப் பதிவு செய்கிறவர் கையில் இதே கருவி நமக்கு நண்பன்.

நமக்கென்று அப்படி ஒரு தேடல் இன்னும் நடக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். நேரமும் அதிகம் இல்லை. பாதையின் ஒரு பகுதி 1984-இல் கட்டப்பட்ட அணையின் நீருக்குள் போய்விட்டது. நாம் தோக்கைத் தாண்டித் தண்டவாளமே இல்லை. மிச்சக் கரையில் தங்கும் விடுதிகள் எழும்புகின்றன. இன்னொரு பாதையைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியவே தெரியாது. சும்போனிலிருந்து கிரா ஆற்றுப் பக்கம் 1943-இல் போட்ட சுமார் 90 கிலோமீட்டர் ரயில் பாதை அது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவிலிருந்து போன தொழிலாளர்கள். வெள்ளைக்காரக் கைதிகளின் பெரிய இடுகாடு எதுவும் அங்கே இல்லாததால் பார்வையாளரும் இல்லை, புல்வெளியும் இல்லை.

நம் பல்கலைக்கழகங்களின் இந்திய ஆய்வியல், வரலாற்றுத் துறைகளும் சமுதாய அமைப்புகளும் தாய்லாந்தின் நுண்கலைத் துறையிடம் முறைப்படி அனுமதி கேட்டு, ஓர் ஆற்றுத்துறையையாவது எடுத்து ஆராயலாம். ஆண்டுதோறும் மாநாடுகளுக்குச் செலவாகும் தொகையில் ஒரு சிறு பங்கு போதும். கூடவே, குழந்தையாகப் போய்த் திரும்பிவந்தவர்கள் தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் ஆற்றின் பெயரையும் பக்கத்து மலையின் அடையாளத்தையும் கேட்டு எழுதிக்கொண்டால்தான், கருவியோடு எங்கே இறங்குவது என்றே தெரியும்.

சுற்றுலா போகும் வாசகர்களுக்கும் ஒன்று. கரையில் ஏதாவது கண்ணில் பட்டால் தோண்டாதீர்கள். கிடந்தபடியே கைப்பேசியில் படம் எடுங்கள், இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு அங்குள்ள அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள். ஏற்கெனவே வீட்டில் தாத்தா காலத்துக் காசோ தாயத்தோ இருந்தால், குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பு வரும், எழுத்து போய்விடும்.

சித்தப்பாவின் ஆணி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை போனபோது பாட்டி அதன் பக்கத்தில் ஒரு சின்ன அகல் ஏற்றி வைத்திருந்தார். "அவர் அடிச்ச ஆணியா இல்லாட்டியும் பரவால்ல" என்றார்.