பாதி வழி கார், மீதி வழி மிதிவண்டி





ஒன்றரை ஆண்டுகளுக்கு முன், என்னுடன் ஒரே மத்ரஸாவில் ஓதிய நண்பர் ஒருவர் தமது 46ஆம் வயதில் மாரடைப்பால் மவ்த்தானார். ஜனாஸாவில் கலந்துகொண்டு திரும்பிய சில நாள்களில், வீட்டாரின் வற்புறுத்தலால் நானும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 8.2 என வந்தது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். நேரமில்லை என்றேன். "ஒரு நாளில் எவ்வளவு நேரம் காரில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். கணக்கிட்டுப் பார்த்தேன், ஏறத்தாழ மூன்று மணி நேரம். அதைச் சொன்னபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

என் வீடு புதுக்கோட்டையில். பணிபுரியும் மத்ரஸா திருச்சி பாலக்கரைப் பகுதியில். இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வயது முதிர்ந்த பெற்றோர் உடனிருப்பதால் திருச்சிக்குக் குடிபெயர இயலாது. மாலையில் கீரனூரில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துவிட்டு வீடு திரும்ப வேண்டியிருப்பதால் பேருந்தை நம்பவும் முடியவில்லை. ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் இஷாவுக்குத்தான் ஊர் வந்து சேர்கிறேன். இதில் நடைப்பயிற்சிக்கான அரை மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது? உறக்கத்திலிருந்தா, குடும்பத்தாரிடமிருந்தா, மாணவர்களிடமிருந்தா?

விடை அந்த மூன்று மணி நேரத்துக்குள்ளேயே இருந்தது. புதுக்கோட்டையிலிருந்து விமான நிலையம் வரையிலான சாலையில் கார் விரைவாக ஓடிவிடும். அதன் பிறகு சுப்பிரமணியபுரம், டி.வி.எஸ். டோல்கேட் எனக் காலை நெரிசலில் ஊர்ந்து, பாலக்கரையை அடைந்து, வண்டி நிறுத்த இடம் தேடி முடிப்பதற்குள் அரை மணி நேரம் கரைந்துவிடும். அந்தக் கடைசி 6 கிலோமீட்டரை மிதிவண்டியில் கடந்தாலும் ஏறத்தாழ அதே அரை மணி நேரம்தான் ஆகும். அப்படியானால் உடற்பயிற்சிக்கென்று தனியே நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. வீணாகும் நேரத்தைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

விமான நிலையத்தை ஒட்டிய செம்பட்டில் வசிக்கும் நண்பர் ஒருவர், தம் வீட்டு முற்றத்தில் காரை நிறுத்திக்கொள்ள அனுமதித்தார். என் வீட்டில் துருப்பிடித்துக் கிடந்த பழைய மிதிவண்டிக்குப் புதிய டயர், டியூப், பிரேக் கட்டை, விளக்கு, செயின் கவர் எல்லாம் மாற்றியதில் 1,400 ரூபாய் செலவாயிற்று. மிதிவண்டி இரவில் அவர் வீட்டில் நிற்கும். கார் பகலில் அங்கே நிற்கும். வாரத்தில் நான்கு நாள்கள் இவ்வாறு செல்கிறேன். அல்ஹம்துலில்லாஹ், ஓராண்டு கடந்துவிட்டது.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. போகவர ஒரு மணி நேரம், நான்கு நாள்கள் என்று பார்த்தால் 240 நிமிடங்கள் ஆகின்றன. மூன்று நாள்கள் மட்டும் சென்றாலும் 180 நிமிடங்கள். எனது சர்க்கரை அளவு இப்போது 6.9. மிதிவண்டி ஒன்றே இதற்குக் காரணம் என்று கூறமாட்டேன். மாத்திரை எடுத்துக்கொள்கிறேன், இரவுச் சோற்றைக் குறைத்திருக்கிறேன். ஆயினும், முன்பு இரண்டு மாடி ஏறினால் இரைத்த மூச்சு இப்போது இரைப்பதில்லை.

இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இதைப் படிக்கும் நம் குடும்பங்களில் மாத்திரை டப்பா இல்லாத வீடு எத்தனை என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம். பிரியாணியும் பரோட்டாவும் நம் விருந்தோம்பலில் இருக்கின்றன. அவற்றைச் செரிக்கும் உழைப்புதான் நம் வாழ்விலிருந்து போய்விட்டது. நம் உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கின்றார்கள். இதை வகுப்பறையில் எத்தனையோ முறை விளக்கியவன் நான். அந்த உரிமையை என் உடலுக்கு நான் கொடுக்கவில்லை என்பதை ஒரு பரிசோதனைத் தாள்தான் எனக்கு உணர்த்தியது.

தூரத்தையும் நெரிசலையும் விட எனக்குத் தடையாக இருந்தது கௌரவம். முதல் வாரத்தில் மாணவர் ஒருவரின் தந்தை என்னைத் தனியே அழைத்து, "ஹஜ்ரத், காரை விற்றுவிட்டீர்களா? ஏதேனும் சிரமம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள்" என்றார். அவருடைய அன்பு என்னை நெகிழச் செய்தது. ஆனால், மிதிவண்டியைக் கண்டதும் வறுமைதான் நம் நினைவுக்கு வருகிறது என்பதையும் அது காட்டியது. நாம் சிறுவர்களாக இருந்தபோது நமக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதுமார்களில் பலர் மிதிவண்டியில்தான் வந்தார்கள். அவர்கள்மீது நாம் கொண்டிருந்த மரியாதை அதனால் சற்றும் குறையவில்லை. மனிதனின் மதிப்பை அவன் ஏறிவரும் வாகனத்தைக் கொண்டு அளக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் நாம், திருமண வீட்டு வாசலில் மிதிவண்டியை நிறுத்தக் கூசுகிறோம்.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இதில் ஒரு வரலாறே உண்டு. 1990களின் தொடக்கத்தில், அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமப்புறப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டனர். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். தண்ணீர் எடுக்கவும் பொருள் விற்கவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும் அது அவர்களுக்குக் கைகொடுத்தது. அப்படிப்பட்ட மாவட்டத்தில் பிறந்தவன், மிதிவண்டி ஏறக் கூசியதை எண்ணி இப்போது வருந்துகின்றேன்.

இதில் ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். மழைக்கால மாலை ஒன்றில் பேருந்து ஒன்று ஒதுக்கியதால் சாலையோர மணலில் சறுக்கி விழுந்தேன், முழங்கை சிராய்த்தது. அன்று என் பின்விளக்கு எரியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதன்பின் இருட்டும் வேளையில் ஒளிரும் பட்டையுள்ள மேலங்கி இல்லாமல் ஏறுவதில்லை. கனமழை நாள்களில் காரிலேயே சென்றுவிடுகிறேன். ஜுப்பா செயினில் சிக்கும் என்பதால் அதைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, பள்ளிவாசலில் முகம் கைகால் கழுவி உடை மாற்றிக்கொள்கிறேன். நோன்பு மாதத்தில் மிதிவண்டியைத் தொடுவதில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்களுக்கு உழைப்பின்போது சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். ஆகவே மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நான் எப்போதும் பையில் சில பேரீச்சம்பழங்களை வைத்திருக்கிறேன்.

"காரை வைத்துக்கொண்டே மிதிவண்டியும் ஓட்டுவது பாதிக் கிணறு தாண்டுவது அல்லவா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். 50 கிலோமீட்டரையும் மிதித்துச் செல்லும் வலிமை எனக்கில்லை. முழுத் தூரமும் உட்கார்ந்தே செல்லும் உடல்நிலையும் எனக்கில்லை. இரண்டுக்கும் நடுவே இயன்றதைச் செய்கிறேன். இதனால் பெட்ரோல் செலவில் பெரிய மிச்சம் கிடையாது என்பதும் உண்மைதான். நகர நெரிசலில் ஒரு கார் குறைகிறது, என் இதயத்துக்கு வேலை கிடைக்கிறது. எனக்கு அது போதுமானது. கார் இல்லாதவர்கள் இரு சக்கர வாகனத்தையோ பேருந்தையோ கொண்டு இதையே செய்யலாம். பேருந்து நிலையத்தை ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு மிதிவண்டியை விட்டுவைத்தால் கடைசி நான்கைந்து கிலோமீட்டர் நம் கால்களுக்கு வந்துவிடும்.

இறுதியாக, ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். என் நண்பரின் முற்றம் கிடைத்ததால்தான் எனக்கு இது சாத்தியமாயிற்று. எல்லோருக்கும் அப்படி ஒரு நண்பர் அமைவதில்லை. நகர எல்லையில் உள்ள நம் பள்ளிவாசல்கள் பலவற்றின் வளாகங்கள் ஜுமுஆ தவிர்த்த நாள்களில், ஃபஜ்ருக்கும் ளுஹருக்கும் இடையே வெறுமனே கிடக்கின்றன. அங்கே ஒரு தகரக் கூரையும், மிதிவண்டிகளைப் பூட்டி வைக்க இரும்புக் கம்பியும் போட்டால் போதும். தொழ வருவோருக்கு இடையூறு இல்லாமல், சகோதரச் சமயத்தவரும் பயன்படுத்தும் வகையில் அதைச் செய்யலாம். பாதையில் கிடக்கும் தீங்கை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று அறிந்த சமுதாயம் நாம். நெரிசலும் புகையும் பாதையில் செல்வோருக்குத் தீங்குதானே?

நண்பரின் ஜனாஸாவில் அவருடைய இளைய மகன் என் கையைப் பற்றியபடி நின்றிருந்தான். அவனுக்குப் பதினோரு வயது; என் கடைசி மகனுக்கும் அதே வயது. ஆயுள் அல்லாஹ்வின் கையில் உள்ளது. உடலைப் பேணும் பொறுப்பு நம் கையில் தரப்பட்டுள்ளது. நாளைக் காலை வாகனத்தின் சாவியை எடுக்கும்போது, வழியில் எந்த இடத்தில் இறங்க முடியும் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலத்தையும், அதனைப் பேணும் உறுதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.