போர் விமானங்கள் எந்த எதிரிக்காக?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைப் புரட்டிப்போட்டபோது மக்கள் வானத்தைப் பார்த்தே காத்திருந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகளால் வீதிகள் துண்டிக்கப்பட்டுத் தோட்டக் குடியிருப்புகளும் கிராமங்களும் தனித்தீவுகளாகியிருந்தன. 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட அந்த அனர்த்தத்தில், வெள்ளத்தினுள் சிக்கியவர்களைத் தேடிச் சென்றவை ஹெலிகொப்டர்கள். அவற்றுள் ஒரு பகுதி இந்தியாவினுடையவை. விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்தும் அவை எழுந்துவந்தன. பாகிஸ்தானும் அமெரிக்காவும் உதவிக்கு வந்தன. எமது விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டர் ஒன்று நவம்பர் 30ஆம் திகதி லுணுவிலவில் நிவாரணப் பணியின்போது வீழ்ந்ததில் அதன் விமானி உயிரிழந்தார்.

எம்மிடம் எத்தனை போர் விமானங்கள் இருக்கின்றன என்று அந்நாட்களில் எவரும் கேட்கவில்லை. ஆயினும் இக்கேள்வி இந்நாட்டில் சில வருடங்களுக்கு ஒருமுறை எழுவதும் அடங்குவதுமாக இருந்து வருகின்றது. இப்போது பிராந்தியத்திலேயே போர் விமானச் சந்தை சூடுபிடித்திருக்கின்றது. 2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாட்கள் மோதிக்கொண்டதன் பின்னர், சீன, பாகிஸ்தான் தயாரிப்புகளுக்கு வாங்குவோர் மத்தியில் கவனம் கூடியுள்ளது. பங்களாதேஷ் 2025 டிசம்பரில் யூரோபைட்டர் விமானங்களுக்காக இத்தாலியின் லியனார்டோ நிறுவனத்துடன் விருப்பக் கடிதம் ஒன்றில் கைச்சாத்திட்டது. அயலவர்கள் வாங்கும்போது இங்குள்ள படைத்தரப்பிலும் அந்த ஆவல் தலைதூக்குவது இயல்பு. எனவே அடுத்த முறை கோப்பு அமைச்சரவைக்குச் செல்வதற்கு முன்னரே இது பற்றிப் பேசிவிடுவது நல்லது என நாம் கருதுகின்றோம்.

கடந்த முறை நடந்ததை நினைவுபடுத்திக் கொள்வோம். 2016 ஜனவரியில் அப்போதைய பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரிப் கொழும்பு வந்தார். இலங்கை ஜே.எப். 17 ரக விமானங்கள் எட்டினை வாங்கவிருப்பதாக பாகிஸ்தான் ஊடகங்கள் எழுதின. கொழும்பு அதனை மறுத்தது. இலங்கையின் பாதுகாப்புத் தேவைக்குப் போர் விமானங்கள் அவசியமில்லை என்று புதுடில்லி ஆட்சேபம் தெரிவித்ததாகவும், அதேவேளை தனது தேஜஸ் விமானத்தை முன்வைத்ததாகவும் செய்திகள் வெளியாகின. தேவையே இல்லை என்று சொன்ன வாய், தேவையென்றால் எம்மிடம் வாங்குங்கள் என்று சொன்னதைப் பலர் கவனிக்கவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான பல்பணிப் போர் விமானங்களை அரசுக்கு அரசு அடிப்படையில் கொள்வனவு செய்ய அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியது. பிறகு வந்தது கடன் நெருக்கடி. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நாடு இடைநிறுத்தியது. விமானங்கள் பற்றிய பேச்சும் ஓய்ந்தது. கொள்கை ரீதியாகக் கைவிடப்பட்டதால் அது ஓயவில்லை. கையில் காசில்லாமையால் ஓய்ந்தது. காசு திரும்பும்போது பேச்சும் திரும்பும் என்பதே எமது அச்சம்.

இந்தியாவின் ஆட்சேபம் 2016இல் பிறந்ததல்ல. இலங்கை சீனாவிடமோ பாகிஸ்தானிடமோ ஆயுதம் வாங்குவதை ஏற்க முடியாது என்று அன்றைய இந்தியத் தேசிய பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன் 2007 மே மாதத்தில் சென்னையில் வெளிப்படையாகவே கூறியிருந்தார். அப்போது பிரச்சினை ராடர் பற்றியது. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் மோடியின் விஜயத்தின்போது இரு நாடுகளுக்குமிடையில் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கையொன்று கைச்சாத்தாகியுள்ள நிலையில், இனி எந்த விமானத்தை வாங்குவதும் ஒரு பக்கம் சாய்வதாகவே அர்த்தப்படுத்தப்படும். தேஜஸ் வாங்கினாலும் அப்படித்தான், ஜே.எப். 17 வாங்கினாலும் அப்படித்தான்.

சாதாரண வாசகர்கள் அதிகம் அறியாத இன்னொரு விடயமும் உண்டு. ஒரு போர் விமானத்துக்கு உரிமையாளர் ஒருவர் மட்டுமல்லர். ஜே.எப். 17 பாகிஸ்தானும் சீனாவும் சேர்ந்து தயாரிப்பது. அதன் இயந்திரமோ ரஷ்யாவினுடையது. தேஜஸ் இந்தியத் தயாரிப்பு. அதன் இயந்திரம் அமெரிக்காவினுடையது. இவ்விரண்டு விமானங்களிலும் ஆபத்து வேளையில் விமானியை வெளியே தூக்கி எறியும் ஆசனம் ஒரே பிரித்தானிய நிறுவனத்தால் செய்யப்படுவது. ஆர்ஜென்டினா பட்ட பாடு இதற்கு நல்ல உதாரணம். போக்லாந்து யுத்தத்தின் பகை தீராத பிரித்தானியாவின் ஏற்றுமதித் தடையினால், தென்கொரியாவின் எப்.ஏ. 50 விமானத்தில் பிரித்தானியப் பாகங்கள் இருக்கின்றன என்ற காரணத்துக்காகவே 2020இல் அந்தக் கொள்வனவு முடங்கிப்போனது. ஈற்றில் 2024இல் டென்மார்க் பாவித்துக் கழித்த 24 எப். 16 விமானங்களை அந்நாடு வாங்கிக்கொண்டது. எம்மிடமுள்ள கிபிர் விமானத்தின் இயந்திரமும் அமெரிக்க வடிவமைப்பே. அதனைக் காரணங்காட்டி 1977இல் ஈக்குவடோருக்கு இஸ்ரேல் கிபிர் விற்பதை வாஷிங்டன் தடுத்தது. ஆகவே விமானம் வாங்கும் சிறிய நாடு அதன் பின்னர் உதிரிப்பாகத்துக்காகவும் பழுதுபார்ப்புக்காகவும் இருபது, முப்பது வருடங்கள் பல தலைநகரங்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாகின்றது. விலைச்சீட்டில் இது எழுதப்படுவதில்லை.

இனி அடிப்படைக் கேள்விக்கு வருவோம். இவ்விமானங்கள் எந்த எதிரிக்காக?

1951இல் அமைக்கப்பட்ட எமது விமானப்படையின் வரலாற்றைப் புரட்டினால், அந்நிய நாடொன்றின் விமானத்தை எதிர்த்து எமது போர் விமானம் ஒருமுறையேனும் சண்டையிட்டதாக இல்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது களஞ்சியத்திலிருந்த ஜெட் புரோவொஸ்ட் விமானங்கள் வெளியே எடுக்கப்பட்டு ஜே.வி.பி. இளைஞர்களுக்கெதிராகப் பயன்படுத்தப்பட்டன. சோவியத் யூனியனின் மிக் 17 விமானங்கள் இந்நாட்டுக்கு வந்ததும் அவ்வருடத்தில்தான். அன்று எந்த இயக்கத்தின் தலைக்கு மேல் அவை பறந்தனவோ, அதே இயக்கத்தின் தலைவரே இன்று முப்படைகளின் தளபதியாகவும் பாதுகாப்பு அமைச்சராகவும் இருக்கின்றார். வரலாறு சில வேளைகளில் இப்படிக் குறும்பு செய்வதுண்டு.

அதன் பின்னர் வடக்கு, கிழக்கு. இங்கு நாம் புள்ளிவிபரம் சொல்ல வேண்டியதில்லை. விமானங்களுக்கு உற்பத்தியாளர் இட்ட பெயர்கள் ஒருபுறமிருக்க, பதுங்குகுழிக்குள் இருந்த மக்கள் தாமாகவே பெயர் வைத்திருந்தனர். பொம்மர், சகடை, வண்டு என்று சிறுபிள்ளைகளும் சத்தத்தை வைத்தே பிரித்தறிந்தனர். கிபிருக்கு மட்டும் வேறு பெயர் தேவைப்படவில்லை. அந்தச் சொல்லே போதுமானதாக இருந்தது. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி சென்.பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விமானக் குண்டுவீச்சில் மாண்டனர். 2006 ஓகஸ்ட் 14ஆம் திகதி செஞ்சோலை வளாகத்தில் இளம் பெண்கள் கொல்லப்பட்டனர். அது புலிகளின் பயிற்சி முகாம் என அரசாங்கம் கூறியது. அதற்கான சான்றுகளைத் தாம் காணவில்லை என்று போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவினரும் யுனிசெப்பும் தெரிவித்திருந்தனர். இன்று வரை ஒழுங்கான விசாரணை இல்லை.

கிபிர் இஸ்ரேலின் தயாரிப்பு என்பதை முஸ்லிம் வாசகர்கள் அறிவர். 1970இல் துண்டிக்கப்பட்ட இஸ்ரேலுடனான உறவு, 1984இல் யுத்த உதவிக்காகவே பின்கதவால் கொண்டுவரப்பட்டபோது முஸ்லிம் மக்கள் காட்டிய எதிர்ப்பும், 1990இல் பிரேமதாச அதனை மூடியதும், 2000ஆம் ஆண்டில் மீண்டும் தூதரக உறவு ஏற்பட்டதும் நாம் அறிந்தவை. கதவு மூடியிருந்த காலத்திலேயே, அதாவது 1996இல், கிபிர்கள் வந்திறங்கின. 2021இல் ஐந்து கிபிர்களை நவீனமயப்படுத்த இஸ்ரேல் நிறுவனத்துடன் 50 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. மறு ஆண்டில் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் டொலர் இன்றி மக்கள் இரவு பகலாக வரிசைகளில் நின்றனர்.

வான் எதிரி ஒருபோதும் இருந்ததில்லை என்று சொல்வது நேர்மையாகாது என்பதையும் கூறவேண்டும். 2007 மார்ச்சில் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்க மீது குண்டு வீசின. 2009 பெப்ரவரியில் கொழும்பில் இறைவரித் திணைக்களக் கட்டடத்தின் மீது ஒன்று மோதியது. அவற்றை இடைமறிப்பதற்காகவே 2008இல் சீனாவிலிருந்து எப். 7 ஜி.எஸ். விமானங்கள் தருவிக்கப்பட்டன. ஆனால் அந்த யுத்தம் 2009 மே மாதத்தில் முடிவடைந்துவிட்டது. இராணுவத்தையே 2030ஆம் ஆண்டளவில் ஒரு இலட்சமாகக் குறைக்கப்போவதாக 2023இல் அறிவித்த அரசு, வானில் மட்டும் யாரை எதிர்பார்த்திருக்கின்றது?

போர் விமானக் கொள்வனவு என்றதும் இந்நாட்டில் எவரும் மறக்க முடியாதது மிக் விவகாரம். 2000ஆம் ஆண்டில் ஆனையிறவு வீழ்ந்த கையோடு உக்ரைனிலிருந்து மிக் 27 விமானங்கள் வாங்கப்பட்டன. 2006இல் மேலும் நான்கு வாங்கவும், ஏற்கனவே இருந்த நான்கினைப் பழுதுபார்க்கவும் சுமார் 14 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் செய்யப்பட்டது. முன்னர் பரிசீலித்து வேண்டாமென ஒதுக்கப்பட்ட பழைய விமானங்களே முன்னரிலும் கூடிய விலைக்கு வந்தன என்றும், அரசுக்கு அரசு என்று சொல்லப்பட்ட கொடுக்கல் வாங்கலில் பணம் பெல்லிமிஸ்ஸா ஹோல்டிங்ஸ் என்ற, எவரும் கேள்விப்படாத பிரித்தானியப் பதிவு நிறுவனத்துக்குச் சென்றது என்றும் ஆங்கிலப் பத்திரிகைகள் அம்பலப்படுத்தின. இதனை எழுதிய இக்பால் அத்தாஸின் பாதுகாப்பு 2007இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இது பற்றி எழுதிய 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி கொல்லப்பட்டார். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. மிக் கொள்வனவில் தரகராகச் செயற்பட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாள் ரஷ்யத் தூதுவர் உதயங்க வீரதுங்க, குற்றச்சாட்டுகளை மறுத்து வந்தவர், 2020இல் நாடு திரும்பியபோது கைதானார். 2024 டிசம்பரில் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் இதே விடயத்துக்காக அவரது பெயரைக் குறிப்பிட்டுத் தனது நாட்டுக்குள் நுழையத் தடை விதித்தது. வாஷிங்டனுக்குத் தெரிந்ததை இந்நாட்டு வரியிறுப்பாளர்கள் ஒரு தீர்ப்பின் வடிவில் இதுவரை வாசித்ததில்லை.

'அரசுக்கு அரசு' என்ற சொற்றொடர் 2016 அமைச்சரவைத் தீர்மானத்திலும் இருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

விமானப்படையின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. பழைய விமானங்களில் இளைஞர்களை ஏற்றி அனுப்புவது கொடுமை. 2011 மார்ச்சில் 60ஆவது ஆண்டு விழா ஒத்திகையின்போது இரண்டு கிபிர்கள் வானிலேயே மோதி ஒரு விமானி பலியானார். 2012இல் மிக் 27 ஒன்று வீழ்ந்தது. 2023இல் சீனன்குடாவில் பயிற்சி விமானம் வீழ்ந்து இருவர் மாண்டனர். 2025 மார்ச்சில் வாரியபொலவில் கே. 8 பயிற்சி விமானம் வீழ்ந்தபோது இருவர் மயிரிழையில் தப்பினர். பங்களாதேஷில் 2025 ஜூலை 21ஆம் திகதி எப். 7 விமானமொன்று டாக்கா நகரின் பாடசாலை மீது வீழ்ந்து 30க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், கருகி மாண்டனர். பழையதை வைத்துக்கொண்டு புதியதையும் வாங்காமலிருப்பது தீர்வாகாது என்று விமானிகளின் குடும்பத்தவர்கள் கூறினால் அதனை எம்மால் மறுக்க இயலாது. ஆயினும் பழையதற்குப் பதிலாகப் புதியது என்பது மாத்திரந்தான் வழியா?

நியூஸிலாந்து எம்மைப்போல் ஒரு தீவு. 28 எப். 16 விமானங்களை வாடகைக்குப் பெறும் திட்டத்தை ஹெலன் கிளார்க் அரசாங்கம் 2000ஆம் ஆண்டில் இரத்துச் செய்தது. மறு ஆண்டில் தாக்குதல் விமானப் பிரிவையே கலைத்துவிட்டது. எதிர்க்கட்சியும் முன்னாள் விமானிகளும் கடுமையாகச் சாடினர். பல விமானிகள் வெளிநாட்டுப் படைகளுக்குச் சென்றனர். அந்த இழப்பை அந்நாடு தெரிந்தே ஏற்றுக்கொண்டது. அதன் வானை எவரும் அபகரிக்கவில்லை. கடற்கண்காணிப்பு விமானங்களுக்கும் போக்குவரத்து விமானங்களுக்கும் அது பணத்தைத் திருப்பியது. நியூஸிலாந்துக்கு அருகில் இந்தியா போன்றதொரு பெரும் வல்லரசு இல்லையே என்று சிலர் வாதிடக்கூடும். அருகில் அத்தகையதொரு வல்லரசு இருக்கும்போது, பன்னிரண்டு விமானங்கள் எதனைத் தடுத்து நிறுத்தும் என்பதே எமது பதில் கேள்வி.

எமக்குரிய பொருளாதாரக் கடல் வலயம் ஐந்து இலட்சம் சதுர கிலோமீற்றருக்கும் அதிகமானது. நிலப்பரப்பைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு. வடக்கு மீனவரின் வலைகளை அறுக்கும் இழுவைப் படகுகளும், போதைப்பொருள் ஏற்றிவரும் படகுகளும், 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் போல் எரிந்து கரையை நஞ்சாக்கும் கப்பல்களும் அந்தக் கடலில்தான். ஒலியை விஞ்சும் வேகத்தில் பறக்கும் விமானம் இழுவைப் படகுகளைக் கண்காணிப்பதற்கு ஏற்றதல்ல. அதற்கான கண்காணிப்பு விமானங்களில் இந்தியாவின் டோனியர் ஒன்று 2022இல் கிடைத்தது. அவுஸ்திரேலியாவும் 2024இல் ஒன்றை வழங்கியது. இரண்டும் பிறர் தந்தவை. போர் விமானத்துக்கு மட்டும் நாமே பணம் தேட வேண்டுமாம்.

எனவே இவ்வரசாங்கம் செய்யக்கூடிய காரியங்கள் உண்டு. 2016 ஓகஸ்ட் தீர்மானத்தின் இன்றைய நிலை என்ன, 2021 கிபிர் ஒப்பந்தத்துக்கு இதுவரை செலுத்தப்பட்ட தொகை எவ்வளவு, மிக் வழக்கு எங்கே நிற்கின்றது என்ற மூன்றுக்கும் பாராளுமன்றத்தில் எழுத்தில் விடை வழங்கட்டும். எதிர்க்கட்சியில் இருந்த காலத்தில் மிக் விவகாரத்தைப் பற்றி உரத்துப் பேசியவர்கள் இன்று ஆளுந்தரப்பு வரிசைகளில் அமர்ந்திருக்கின்றனர். தேசிய பாதுகாப்பு இரகசியம் என்ற பதிலைக் கேட்டு அன்று அவர்களே சினந்தனர். கொள்வனவுப் பட்டியல் ஒன்று உண்மையில் தயாராகுமாயின், அது லுணுவிலவிலிருந்து தொடங்கட்டும்; அங்கு வீழ்ந்த ஹெலிகொப்டரின் ரகம் முதன்முதலாக வானில் எழுந்தது 1968ஆம் ஆண்டில்.