இரண்டு கப்பலும் ஒன்றுதான், கரைதான் வேறு



நமக்குத் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியைப் பிள்ளைகள் முதன்முறையாகக் கப்பல் சுற்றுலாவுக்கு அனுப்பப் போகிறார்கள். சிங்கப்பூரில் ஏறி, மூன்று நான்கு இரவுகள் கடலில் போய், திரும்பவும் சிங்கப்பூரிலேயே இறங்கும் பயணம். கட்டாரில் இருக்கும் மகன் பாதிக் காசு, பெற்றோரின் பணிக்கொடையிலிருந்து பாதி. ஏஜென்சி இரண்டு கப்பல்களைக் காட்டியிருக்கிறது. எதில் போவது என்று வீட்டில் இரண்டு கிழமையாக வாக்குவாதம். ஊரில் வேறு சில வீடுகளிலும் இதே பேச்சு இருப்பதால் என் கருத்தைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

"தேயிலை மலையில் இருந்துகொண்டு சொகுசுக் கப்பல் பேச்சா?" என்று சிலர் கேட்பீர்கள். இங்குள்ள தோட்டக் குடும்பங்களின் பாட்டன் பூட்டன் இந்த நாட்டுக்கு வந்ததே கடல் தாண்டித்தான். 1914 இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. பிறகு இர்வின், கோஷன் என்று ஒரே மாதிரி இரண்டு கப்பல்கள் அந்தப் பாதையில் ஓடின. எதில் ஏற விருப்பம் என்று அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களிடமும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் இன்று ஒரு குடும்பம் இரண்டு கப்பலில் எது வேண்டும் என்று உட்கார்ந்து பேசுவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பேசுவதைச் சரியாகப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இரண்டு கப்பல்கள்: ஒன்று ஜென்டிங் ட்ரீம், மற்றது ரோயல் கரீபியன் கம்பனியின் ஓவேஷன் ஒஃப் த சீஸ். இரண்டும் 2016 இல், ஜேர்மனியின் பாப்பன்பேர்க் நகரில் ஒரே கப்பல் தளத்தில் கட்டி முடிக்கப்பட்டவை. இரண்டிலும் 3,000 பேருக்கு மேல் பயணிக்கலாம். நீச்சல் தடாகம், நாடக அரங்கு, கடைத்தெரு, கசினோ எல்லாம் இரண்டிலும் உண்டு. ஆகவே பிள்ளைகள் போனில் படத்தை மாற்றி மாற்றிக் காட்டுவதால் ஒரு முடிவுக்கும் வர முடியாது. பார்க்க வேண்டியவை வேறு.

முதலாவது, கப்பல் எந்தக் கரையில் நிற்கிறது என்பது. நமது கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் விசா கேட்பதில்லை, மலேசியா கேட்கிறது. தாய்லாந்தின் விதி அடிக்கடி மாறுகிறது. ஒரு பயணம் பினாங்குக்கும் மற்றது புக்கட்டுக்கும் போகிறதென்றால், நமக்கு அதுதான் பெரிய வித்தியாசம். "நாங்கள் இறங்க மாட்டோம், கப்பலிலேயே இருப்போம்" என்று சொன்னாலும் தேவையான விசா இல்லாதவரை ஏற்றாமல் விடலாம். அப்போது கட்டிய காசும் திரும்பாது. எனவே எந்தத் துறைமுகத்துக்கு என்ன விசா வேண்டும் என்பதை ஏஜென்சியிடம் வாய்ப்பேச்சாகக் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, முழுச் செலவு. விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் அறையின் விலை மட்டும். துறைமுகக் கட்டணமும் ஊழியர்களுக்கான சேவைக் கட்டணமும் அதற்கு மேல் வரும். ரோயல் கரீபியனில் சேவைக் கட்டணம் மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 18 அமெரிக்க டொலர் அளவில். இரண்டு பேர், நான்கு இரவு என்றால் 144 டொலர். இணைய இணைப்புக்கு வேறு, கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்க வேறு, கப்பல் வைத்தியரிடம் போனால் அதற்கும் வேறு. மதுபானமும் சேர்த்த பொதி என்றால் நம்மில் பலருக்கு அது வீண் காசு. இரண்டு கப்பலுக்கும் விமானச் சீட்டு, ஹோட்டல், காப்புறுதி எல்லாம் கூட்டி ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். மலிவு என்று நினைத்தது மலிவாக இல்லாமல் போகலாம்.

மூன்றாவது, சாப்பாடு. ஜென்டிங் ட்ரீமில் ஹலால் சான்றிதழ் பெற்ற சமையலறை இருக்கிறது, சைவச் சாப்பாட்டுக்கும் தனி ஏற்பாடு உண்டு. மற்றதில் ஹலால் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்க வேண்டும். நாலு நாள் பழமும் பாணும் சாப்பிட்டுத் திரும்புவதற்கு யாரும் லட்சக்கணக்கில் செலவழிப்பதில்லை.

நான்காவது, அறை. உள்பக்க அறைதான் மலிவு, ஆனால் ஜன்னல் இல்லை. அங்கே சுபஹும் நள்ளிரவும் ஒன்றுதான். இரவில் இரண்டு தடவை எழும்பும் வயதானவருக்கு அது மூச்சு முட்டும். நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில், ஜன்னல் உள்ள அறையை எடுங்கள். ஆட்டம் குறைவாக இருக்கும் இடமும் அதுதான்.

ஆட்டம் என்றதும் இன்னொரு பேச்சு. "முதலில் காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் போய் வாருங்கள், கடல் ஒத்துக்கொள்ளுமா என்று தெரிந்துவிடும்" என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பாதையில் 2023 ஒக்டோபரில் செரியாபாணியும் 2024 ஓகஸ்டில் சிவகங்கையும் ஓடத் தொடங்கின. இரண்டும் 150 பேர் அளவில் ஏறும் சிறிய வேகக் கப்பல்கள், பருவமழை வந்தால் சேவை நின்றுவிடும். அதில் தலை சுற்றினால் பெரிய கப்பலிலும் சுற்றும் என்று அர்த்தமில்லை. மலாக்கா நீரிணை இரு பக்கமும் நிலம் மறைத்த கடல். அக்கரைக்குப் போக விருப்பம் என்றால் போங்கள், பரீட்சைக்காகப் போகாதீர்கள்.

ஐந்தாவது, நமது பாதை. ராகலை வழியாகப் போனாலும் ஹங்குரன்கெத்த வழியாகப் போனாலும் மழை நாளில் எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு நாள் முன்னதாகவே சிங்கப்பூர் போய்த் தங்குங்கள்.

இந்தத் தம்பதிக்கு என் முடிவு ஜென்டிங் ட்ரீம், அதுவும் குறைந்த இரவுகள், குறைந்த விசா உள்ள பயணம். ஓவேஷனில் காற்றில் மிதக்கும் விளையாட்டும், கடல்மட்டத்திலிருந்து 300 அடி உயரத்துக்குத் தூக்கிக் காட்டும் கண்ணாடிக் கூண்டும் இருக்கின்றன. இளம் பிள்ளைகள் உள்ள குடும்பம் என்றால் அதையே சொல்லியிருப்பேன். அறுபது தாண்டியவர்கள் ஏறப்போகாத கூண்டுக்கு ஏன் காசு? உயரத்திலிருந்து பார்ப்பதென்றால் ஹைபோரஸ்ட் பக்கம் பஸ்ஸில் போனாலே போதும்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒன்று. நகையை அடகு வைத்தோ கடன் பட்டோ பெற்றோரை அனுப்பாதீர்கள். அந்தக் கடன் அவர்களுக்குத் தெரியவந்தால் கப்பலில் ஒரு கவளமும் இறங்காது. பணிக்கொடையில் கை வைப்பதென்றால், வைத்தியச் செலவுக்கு என்று ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். எதற்கும் முதல் உம்மாவையும் வாப்பாவையும், அம்மாவையும் அப்பாவையும் கேளுங்கள். இத்தனை பேச்சிலும் போகப்போகிறவர்களின் குரல்தான் எனக்குக் கேட்கவில்லை.

ஏற்கனவே போய் வந்தவர்கள் கீழே எழுதுங்கள். ஏஜென்சியின் பெயர் வேண்டாம். எல்லாம் சேர்த்து எவ்வளவு முடிந்தது, எந்த விசா கேட்டார்கள், இந்த இரண்டும் போதும்.