ஸ்பேம் ஃபோல்டரைப் பாத்தீங்களா சார்?

இந்த ஒத்தை வரியை மொதல்ல சொன்ன புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க மக்களே. ஆபீஸ் மடல் போய்ச் சேரலைன்னு ஐடி ஆளுங்ககிட்ட போய் நின்னா ஆரம்பமும் இதான், முடிவும் இதான். தபால்காரர் கடுதாசியைக் குப்பைத் தொட்டியில போட்டுட்டு, "தெனமும் தொட்டியைக் கிளறிப் பாருங்க"ன்னு சொன்னா சும்மா விடுவோமா? இதுல ஜிமெயில் தொட்டி 30 நாள்ல தானாவே காலியாயிடும் வேற.

எங்க ஆபீஸ்ல (பேர் வேணாம், நாளைக்கும் அங்கதான் ஆணி புடுங்கணும்) பில் அனுப்புற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. புது பில்லிங் சாஃப்ட்வேர் வந்ததுலேர்ந்து "பில்லே வரலைங்க"ன்னு பார்ட்டிகள்கிட்டேர்ந்து ஒரே போன். சாஃப்ட்வேர்ல பாத்தா எல்லாத்துக்கும் பச்சை டிக். திரும்பி வந்த மடல் ஒண்ணுகூட இல்லை. வரவேண்டிய பணம் தள்ளிப் போகுது, மேனேஜர் அக்காவுக்கு மெமோ கொடுத்துட்டார். பொட்டி பண்ணின தப்புக்கு மனுஷிக்கு மெமோ!

ஒரு பார்ட்டியோட ஸ்பேம்ல கெடந்த பில்லைத் தொறந்து, தலைப்பகுதியைப் படிச்சா விஷயம் அங்கயே எழுதியிருக்கு. எஸ்பிஎஃப் ஃபெயில், டிகேஐஎம் இல்லை, டிமார்க் ஃபெயில். அதாவது மடல்ல இருக்கறது எங்க டொமைன் பேரு, அனுப்பினது சாஃப்ட்வேர்காரன் சர்வர். எங்க பேர்ல எந்தெந்த சர்வர் அனுப்பலாம்னு டிஎன்எஸ்ல எழுதி வைக்கிற பட்டியல்தான் எஸ்பிஎஃப். அதுல அவனைச் சேர்க்கலை. டிகேஐஎம் கையெழுத்தும் போட வைக்கலை. அந்தப் பக்கம் இருக்கற ஃபில்டர் "எவனோ திருட்டுப்பய"ன்னு நெனச்சதுல என்ன தப்பு?

இதெல்லாம் நேத்து வந்த சமாச்சாரமா? எஸ்பிஎஃப் ஆர்எஃப்சி 2006, டிகேஐஎம் 2007, டிமார்க் 2015. மொத்தமா மடல் அனுப்பறவங்க (கூகுள் கணக்குல ஒரு நாளைக்கு 5000 மடல்) மூணையும் வெச்சே ஆகணும்னு கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலேர்ந்து கட்டாயமாக்கிட்டாங்க. சின்னவங்களுக்கும் எஸ்பிஎஃப் இல்லைன்னா டிகேஐஎம், ஒண்ணாவது வேணும். 2025 மே மாசம் மைக்ரோசாஃப்டும் சேர்ந்தாச்சு. இன்னும் "எங்களுக்குத் தெரியாதுங்க"ன்னா எப்படி?

இதுக்கு எங்க ஐடி மகாராசா கண்டுபிடிச்ச வைத்தியம்: "எல்லா பார்ட்டியையும் நம்மள வைட்லிஸ்ட்ல போடச் சொல்லுங்க." அடப்பாவி! சோதிக்காம உள்ள விடுன்னு சொன்னா, நம்ம பேரைப் போட்டுக்கிட்டு வர்றவனும்தானே உள்ள போவான்? "எங்க பேங்க் கணக்கு மாறிடுச்சு, இனிமே இதுல பணம் போடுங்க"ன்னு வர்ற மோசடி மடலுக்கு நாமளே கம்பளம் விரிக்கிற வேலை இது.

ஃபில்டர் வெச்சிருக்கறவங்களையும் நான் விடறதா இல்லை. பால் கிரஹாம் 2002லயே ஸ்பேம் ஃபில்டர் பத்தி எழுதினப்ப, நல்ல மடலைப் புடிச்சு வைக்கிறது ரெண்டு குப்பையை உள்ள விடறதைவிட ரொம்ப மோசம்னு அடிச்சுச் சொன்னார். பிடிக்கலைன்னா வாசல்லயே 550ன்னு சொல்லித் திருப்பி அனுப்பு. அனுப்பினவனுக்குத் தெரியும், போன் போட்டுச் சொல்லுவான். வாங்கி வெச்சுக்கிட்டு வாயைத் தொறக்காம இருக்கறது எந்த ஊர் நியாயம்? "திருப்பி அனுப்பினா ஸ்பேமருக்கு உஷாராயிடும்"பாங்க. லட்சக்கணக்குல வீசறவன் திரும்பி வர்றதையெல்லாம் உக்காந்து எண்ணிக்கிட்டா இருக்கான்?

உங்க ஆபீஸ்லயும் ஒரு தடவை பாத்துடுங்க. பில்லிங், சம்பள ஸ்லிப்னு தனித்தனியா மடல் அனுப்புற ஒவ்வொரு சாஃப்ட்வேர்லேர்ந்தும் சொந்த ஜிமெயிலுக்கு ஒண்ணு தட்டுங்க. மூணு புள்ளியை அமுக்கி 'ஷோ ஒரிஜினல்' போங்க. பட்டியல்ல புதுசு புதுசா சேர்த்துக்கிட்டே போறவங்க, எஸ்பிஎஃப்ல 10 தேடலுக்கு மேல போனா மொத்தமும் செல்லாதுங்கறதையும் பாத்துக்கோங்க. மூணும் பாஸ்னு வரலைன்னா அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து, மெமோ அடிக்கிறவர் மேசையில வெச்சுட்டு வாங்க.