அடிக்கிற மாதிரி இல்லையே

ஊர்த் திருவிழா இரவில் பறையடிப்பவர் ஒருவரைப் படமெடுத்தேன். ஷட்டர் 1/250 விநாடி, நேருக்கு நேர் பிளாஷ். கை, குச்சி, நெற்றி வியர்வை எல்லாம் துல்லியம். பெருமையாகத் திரையைக் காட்டினேன். "நல்லாருக்கு தம்பி. ஆனா அடிக்கிற மாதிரி இல்லையே. கையைத் தூக்கிட்டு சும்மா நிக்கிறேன்" என்றார். அவருக்குப் பின்னால் இருந்த சீரியல் லைட்டும் கூட்டமும் இருட்டாகிப் போயிருந்தன.

"அதான் பிளாஷே கூடாதுங்கிறது. இருக்கிற வெளிச்சத்துல எடுக்கணும்" என்று உடனே வகுப்பெடுக்க நண்பர்கள் உண்டு. இந்தத் தூய்மைவாதம் எனக்கு அலுத்துவிட்டது. பிளாஷ் மேல் பழி போடுவதற்கு முன் ஷட்டரைப் பாருங்கள்.

பிளாஷ் எரிவது கண நேரம். ஷட்டரை அதன்பின் எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் அதன் வெளிச்சம் கூடாது. சுற்றியுள்ள விளக்கொளியோ ஷட்டர் திறந்திருக்கும்வரை சேர்ந்துகொண்டே போகும். 1/250-ல் அது சேர நேரமில்லை. 1/8 வையுங்கள்: சீரியல் லைட் வரும், கை வந்த வழி தடமாகப் பதியும், அதே படத்தில் முகத்தையும் குச்சியையும் பிளாஷ் பிடித்து நிறுத்தும்.

ஒரு சிக்கல். பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் திறந்ததுமே பிளாஷ் அடிப்பதுதான் டிஃபால்ட். அப்போது தடம் ஆளுக்கு முன்னால் விழும். ஓடுகிறவர் பின்னோக்கிப் போவதுபோலத் தெரியும். ரியர் கர்ட்டன் சிங்குக்கு மாற்றினால் ஷட்டர் மூடும் முன் பிளாஷ் அடிக்கும், தடம் பின்னால் விழும். டிஃபால்ட் என்பது யாரோ நமக்காக எடுத்த முடிவு. அதை மாற்றாமல் கருவியைத் திட்டுவது சோம்பேறித்தனம்.

இது புதுசும் இல்லை. 1949-ல் ஜோன் மிலி, இருட்டறையில் சிறு விளக்கால் காற்றில் வரையும் பிக்காசோவை எடுத்தார். திறந்த ஷட்டர் கோட்டைப் பதிந்தது; பிளாஷ் ஆளைப் பதிந்தது.

இழுபட்ட கை பொய்யாம். 1/4000-ல் அந்தரத்தில் உறைந்த கையை எந்தக் கண் பார்த்தது? பறையடிப்பவரின் உழைப்பே தாளம். அதை வெட்டி எறிந்துவிட்டு அவரைக் காலண்டர் சிலையாக்குவதற்குப் பெயர் துல்லியமா?

மறுநாள் அவரிடம் கேட்டுக்கொண்டு, கண்ணில் அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து 1/8-ல் 40 படங்கள் எடுத்தேன். முக்கால்வாசி குப்பை. அவர் தேர்ந்தெடுத்ததில் முகம்கூடக் கொஞ்சம் கலங்கியிருந்தது. போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே தூக்கிவிடுவார்கள்.

"இதைப் பிரிண்ட் போட்டுக் குடு தம்பி" என்றார்.